பையின் மறைவில் எடுத்த பாட்டு

போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அடையாறில் எங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன காபிக் கடை இருக்கிறது. ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டையும் முன்னறையையும் ஒன்றாக்கிச் செய்தது. நெருக்கி உட்கார்ந்தால் இருபத்தைந்து பேர் கொள்ளும். மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கே நாட்டுப்புறப் பாட்டு நடக்கும். அலுவலகத் தோழி ஒருத்தி விடாமல் கூப்பிட்டதால்தான் போனேன்.

அப்போது அம்மா இறந்து நான்கு மாதம். காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தோம். மூன்று மணிக்கெல்லாம் வீடு கழுவியாகிவிட்டது. மின் மயானத்தில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போனில் பார்த்தான். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அடக்கிக்கொள்ளவில்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் வரவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது; இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று பாட வந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கூட டோலக் வாசிக்க அவருடைய தம்பி. ஆரம்பிக்கும் முன் கடைக்காரர் எழுந்து, "தயவுசெஞ்சு யாரும் போன்ல எடுக்காதீங்க, அவங்க கேட்டுக்கிட்டது" என்றார். காபி மெஷினையும் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து எங்களை ஒருமுறை பார்த்தார்.

"நாங்க சாவு வூட்ல பாடுறவங்க. காபி குடிச்சுகினு கேக்க ஆளு கீதுன்னு இவரு சொன்னாரு. எனக்கு சிரிப்பா வந்துச்சு. சரி, பாடிப் பாக்கலாம்னு வந்துட்டோம்."

எல்லோரும் சிரித்தோம். முதலில் இரண்டு கானாப் பாட்டு. கைதட்டிக் கேட்டோம். பிறகு தம்பியை வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒரு ஒப்பாரியை எடுத்தார்.

"பஸ்ஸு வர்ற நேரமாச்சு, படியிறங்கி வாயேம்மா,
பைய எடுத்து நிக்குறேனே, பதிலு ஒண்ணு சொல்லேம்மா..."

பெரிய குரல் இல்லை. கொஞ்சம் உடைந்த குரல்தான். இரண்டாவது வரியிலேயே எனக்கு அம்மா நினைவு வந்துவிட்டது. ஒவ்வொரு செவ்வாயும் அம்மாவை மயிலாப்பூர் கண் டாக்டரிடம் கூட்டிப் போக நான் கீழே நின்று, "சீக்கிரம் வாம்மா" என்று எரிச்சலோடு கூப்பிட்ட குரல் என் காதிலேயே கேட்டது. அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நான்கு மாதத்து அழுகை. தோழி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்து இன்னொரு ஒப்பாரி தொடங்கியபோதுதான் அதைச் செய்தேன். மடியிலிருந்த கைப்பையின் மறைவில் போனை வைத்து, அவர் முகம் தெரியும்படி வீடியோ எடுத்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் அனுப்பலாம், அவனும் பாவம் அழாமல் இருக்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தம்பிக்கு அன்று இரவே அனுப்பினேன். அவன் பதில் எழுதாமல் நேரே போன் செய்தான். போனிலேயே அழுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போட்டேன். 'சாவு வீடுகளில் பாடும் ஒரு எளிய பெண்மணி. கேட்டுப் பாருங்கள், கண்ணீர் வராமல் இருக்காது' என்று மேலே எழுதினேன். உண்மையைச் சொன்னால், நல்ல ரசனை உள்ளவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. சொன்னார்கள். நாள் முழுக்கக் கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்துகொண்டே இருந்தன.

நான்காம் நாள் சாயங்காலம் லிஃப்டில் அடுத்த பிளாக் அம்மா ஏறினார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்கக் கிளம்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை நீங்க அந்த வீடியோவைப் போட்டீங்க. அந்தப் பாடுறவதான் ரெண்டு வருஷமா எங்க வீட்ல சமைக்கிறா. இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. அங்கெல்லாம் பாடிட்டு வந்து, அதே கையால எங்க அடுப்பைத் தொட்டிருக்கா. கல்யாணத்தை வச்சுக்கிட்டு எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. நிறுத்திட்டேன். மேல் வீட்லயும் நிறுத்திட்டாங்க."

நான் எட்டு மணிக்கே அலுவலகம் கிளம்பிவிடுவதால், அந்தப் பெண் எங்கள் குடியிருப்புக்குத் தினமும் வந்து போகிறவர் என்பதே எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு நூறு வாக்கியங்கள் தெரியும். அன்று சொன்னது, "நல்லா பாடுவாங்க" என்பது மட்டும்தான். லிஃப்ட் கதவு திறந்தது, அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து வீடியோவை அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிக்க முடிந்தது. குழுவில் எல்லோரிடமும் அப்படியே இருந்தது.

மறுநாள் காபிக் கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் இறுகிப் போனது. "எதுக்கு எடுக்க வேணாம்னு சொன்னேன்னு இப்பப் புரியுதா மேடம்?" என்றார். அந்தப் பெண்ணின் நம்பரைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் வருவார், விருப்பமிருந்தால் அங்கே பார்க்கலாம் என்று செய்தி வந்தது.

தூறிக்கொண்டிருந்தது. ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே குடையோடு அவர் நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீயாம்மா அது? நீ அழுதத பாத்தேன். செல்லு எடுத்தத பாக்கல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அம்மா இறந்ததைச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல்முறை அழுதேன் என்று சொன்னேன். எனக்கே அது சாக்குப்போக்கு போலக் கேட்டது.

"அழுதுட்ட இல்ல? அதோட வுட்ருக்கணும்" என்றார்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். இங்கேயே அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவராம். அரசு குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு கொடுத்த பிறகு, விடியற்காலை பஸ் பிடித்து அடையாறு வருவாராம்.

"போன் போட்டு வராதன்னு சொல்லிருந்தா கூட பரவால்ல. அவ்ளோ தூரம் வந்தப்புறம், கேட்டாண்ட வாட்ச்மேன வுட்டு நிறுத்தினாங்க. தெனம் 'இன்னாக்கா, சாப்டியா'ன்னு கேக்குறவன். அவன் என் மூஞ்சப் பாக்காம பேசுறான். இன்னா தப்பு பண்ணேன்னு கூட அவனுக்குத் தெரியல."

என் வீட்டுக்குச் சமைக்க வருகிறீர்களா என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"உன் வூட்டுக்கு வர்றதுக்கும் அதே கேட்டுதானம்மா."

பிறகு, கொஞ்சம் குரல் தணிந்து, வேளச்சேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அங்கே சமைக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம். இனிமேல் காபிக் கடையில் பாட மாட்டீர்களா என்று கேட்டேன்.

"வேணாம்மா. சாவு வூட்ல எல்லாம் அழுதுகினு இருப்பாங்க. எவனும் என்னைப் பாக்க மாட்டான். அது தேவல."

பஸ் வந்தது. குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். அனுமதி இல்லாமல் நான் எடுத்தது, அவரை நிறுத்தியது அநியாயம், நம் வீட்டுச் சாவுகளிலும் யாரோ ஒருவர் கூட நின்றுதானே ஆக வேண்டும் என்று. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். செயலாளர், 'தண்ணீர் லாரி, லிஃப்ட் விஷயங்கள் மட்டும் இங்கே பேசவும்' என்று போட்டார். அடுத்த பிளாக் அம்மா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். எனக்குப் பத்திரிகை வரவில்லை. இதை லிஃப்டில் நேருக்கு நேர் சொல்லியிருந்தால் ஒருவேளை ஏதாவது மாறியிருக்குமோ என்று இன்னமும் நினைக்கிறேன். மாறியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

காபிக் கடையில் இப்போதும் மாதாமாதம் பாட்டு நடக்கிறது. தோழி கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நான் போவதில்லை.

என் அம்மாவுக்காக என்னை அழ வைக்க என் சொந்தக்காரர்கள் யாராலும் முடியவில்லை, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணால் முடிந்தது. அவருக்கு நான் திருப்பிச் செய்தது இதுதான் என்ற எண்ணம், அம்மாவை நினைக்கும் போதெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.