குழாயக்கா போட்ட மாத்திரை

உல்லாசப் படகுத்துறையில் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படகுகளின் கழிவுத்தொட்டியில் சேர்ந்த மலத்தைப் பம்பு வைத்து உறிஞ்சிக் கரையேற்றுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே தகரக் கொட்டகை, யானைத் தும்பிக்கை கனத்தில் அதே குழாய். வேலை நேரத்தில் பாதி, பழைய செய்தித்தாளை எழுத்து விடாமல் படிப்பதில் கழியும். துறையில் நின்ற முப்பத்தொரு படகுகளில் பம்புக்கு வந்தவை மூன்றே மூன்று.

மற்ற இருபத்தெட்டுப் படகுக்காரர்களுக்கும் குடல் இல்லையா என்றால், இருந்தது. நன்றாகவே வேலை செய்தது. கழிப்பறை இருக்கைக்குப் பின்னால் ஒரு வால்வு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் தொட்டிக்குப் போகும், மறுபக்கம் திருப்பினால் கடலுக்கு. கரையோரக் கடலில் விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சுகாதார அதிகாரி சோதனைக்கு வருவார். வரும் தேதியை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். திருடன் வீட்டுக்குப் போலீஸ் சொல்லி அனுப்பிவிட்டு வருகிற மரியாதை. அந்த ஒரு நாள் எல்லா வால்வும் உத்தமமாக இருக்கும். சட்டத்தோடு ஒரு பெட்டி சாய மாத்திரையும் வந்திருந்தது. கழிப்பறையில் போட்டால், கழிவு போய்ச் சேரும் இடத்தைப் பச்சையாக்கிக் காட்டிக்கொடுக்கும். அது ஆறு வருடமாகக் கொட்டகை அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்தது. குழாயக்கா இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி அதை வாங்கி, நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

எதிர்க்கரையில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடிசைகள் பதினாறு. அதில் ஒன்று அவள் தங்கச்சியுடையது. அந்த வருடம் தண்ணீரைச் சோதித்ததில் மலக்கிருமி என்று வந்தது. உடனே சிப்பி எடுக்கத் தடை. படகுச் சங்கம் கூடி, குடிசைக்காரர்கள்தான் காரணம் என்று தீர்மானம் போட்டது. மாத முடிவுக்குள் குடிசைகளைக் காலி செய்ய அதிகாரி நோட்டீஸ் ஒட்டினார். குடிசைகளின் பொதுக் கழிப்பறை கடலை விட்டு நன்றாகத் தள்ளி, மேட்டில் இருந்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஏழையின் மலத்தில்தான் கிருமி இருக்கும் என்பது சங்கத்தின் விஞ்ஞானம்.

தங்கச்சி நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"நாமதான் கடல அசிங்கம் பண்றோமாம்க்கா. நெசமாம்மான்னு எம் பிள்ளைங்க கேக்குதுங்க."

"ஏன், அவங்க வயித்துல மட்டும் பன்னீரா ஊறுது?" என்றாள் குழாயக்கா. அலமாரியைத் திறந்து மாத்திரைப் பெட்டியைத் துடைத்தாள்.

படகுகளின் அறைகளைக் கூட்டித் துடைப்பதும் அவள்தான் என்பதால் சாவிகள் அவளிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் நீச்சல் போட்டி. காலையிலேயே முப்பத்தொரு கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியிலும் ஒவ்வொரு மாத்திரை போட்டாள். ஒரு வால்வைக்கூடத் தொடவில்லை.

சங்கத் தலைவர் ஓர் அறுவை மருத்துவர். தூய்மை பற்றி அரை மணி நேரம் பேசிப் போட்டியைத் தொடங்கி வைத்தார். படகுகளில் சாப்பாடும் குடியும் நடந்தன. கழிப்பறைக்குப் போனவர்கள் பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஏதோ வாசனை மருந்து போட்டிருக்கிறாள், பரவாயில்லையே என்று மெச்சினார்கள். மெச்சிவிட்டு வந்து கடலில் குதித்தார்கள். சற்று நேரத்தில் படகுகளைச் சுற்றிப் பச்சை பரவியது. மருத்துவர் முங்கி எழுந்தபோது அவருடைய வெள்ளை மீசை கிளிப்பச்சையாக இருந்தது. எதிர்க்கரையில் குடிசை சனமெல்லாம் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த அதிகாரி குழாயக்காவை வரச் சொன்னார். ஆமாம், நான்தான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். கடலை நாசம் பண்ணிவிட்டாள், கேஸ் போடுங்கள் என்று சங்கச் செயலாளர் குதித்தார். ஆறு வருடமாக மூடியே கழற்றாத பேனாவை அதிகாரி அன்றுதான் கழற்றினார்.

"நல்லா எழுதுங்க சார்," என்றாள். "நான் போட்டது கக்கூஸ்ல. அதைக் கடல்ல விட்டது யாருன்னு அடுத்த வரியில எழுதுங்க. அதோ, அந்த மூணு படகுலயும்தான் போட்டேன். சுத்தி ஒரு சொட்டுப் பச்சை இருக்கா பாருங்க. அவங்க எங்கிட்ட வர்றவங்க."

அதிகாரி பார்த்தார். இருபத்தெட்டுப் படகுகளின் பெயரை எழுதாமல் இவள் ஒருத்தியின் பெயரை எழுத வழியில்லை. பேனா மூடிக்குள் போனது.

மூன்றாம் நாள், நோட்டீஸ் 'மறு ஆய்வுக்காக' திரும்பப் பெறப்பட்டது. தவறு என்று ஒப்புக்கொள்ளும் சொல் அந்த அலுவலகத்தில் இல்லை. சிப்பித் தடை மட்டும் நீங்கவில்லை. தண்ணீர் தெளிந்தால்தான் கிருமி போகும், காகிதத்துக்குப் போகாது. அவளை வேலையை விட்டுத் தூக்கவும் சங்கம் யோசித்தது. தூக்கினால் குழாயைப் பிடிப்பது யார் என்று ஒருவர் கேட்டதும் கூட்டம் கலைந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை பம்புக்கு முன்னால் படகுகள் வரிசையில் நின்றன. முதல் படகில் மருத்துவர், மூக்கில் கைக்குட்டையோடு. குழாயக்கா படித்துக்கொண்டிருந்த பத்தியை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"கைக்குட்டையை எடுங்க டாக்டர் சார். தொட்டி மூடியத் தெறக்க ரெண்டு கையும் வேணும்."