மந்திரித்ததும் ஓடிய வாட்ச்

பத்து வருஷமாகக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைக்கு வெளியே நின்று பார்த்த ஆட்டோமேடிக் வாட்சை ஒரு வழியாக வாங்கிவிட்டேன்!

பழுப்பு நிறத் தோல் பட்டை. பேட்டரியே கிடையாது. பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே சக்கரம் சுற்றுவது தெரியும்.

(கடைக்காரர் நிறைய விளக்கினார். நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிலோ தடை போட்டாள்.

"மந்திரிக்காம கட்டக் கூடாதுங்க. ஸ்கூட்டரையே ஃபாதர் மந்திரிச்ச பிறகுதானே எடுத்தோம்?"

"வாட்ச் என்ன ஆக்சிடென்ட்டா பண்ணப் போகுது?"

"இவ்ளோ விலை குடுத்து வாங்கிட்டு ஒரு வாரம் பொறுக்க முடியாதா?"

ஃபாதர் வெளியூரில் ஒரு வாரத் தியானத்துக்குப் போயிருந்தார். வாட்ச் ஒரு வாரம் மாதா படத்துக்கு முன்னால் பெட்டியிலேயே கிடந்தது. நான் வெறும் கையோடு ஆபீஸ் போய் வந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் முன்னால் பெட்டியைத் திறந்தால்... முள் நகரவில்லை!

பர்ஸில் கடை பில்லைத் தேடினேன்.

"ஏதோ சரியில்லங்க. இன்னிக்கே கடையில திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள் பிலோ.

ஃபாதர் வாட்சை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து நாலு ஆட்டு ஆட்டினார். பிறகு தீர்த்தத்தை எடுத்தார்.

"ஃபாதர், தோல் பட்டை! தண்ணி பட்டா போச்சு!"

சிரித்துக்கொண்டே பெட்டிமேல் மட்டும் தெளித்து, சிலுவை வரைந்து ஜெபித்தார்.

பார்த்தால், விநாடி முள் ஓடுகிறது!

"இயேசுவே!" என்று பிலோ கைகூப்பினாள். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி அழுதேவிட்டார்.

வெளியே வரும்போது ஃபாதர் என்னைத் தனியாக இழுத்தார்.

"கை அசைஞ்சாதான்ப்பா இதுக்குச் சாவி ஏறும். எங்க அண்ணன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. கழட்டி ரெண்டு நாள் வச்சா நின்னுடும். வீட்ல சொல்லிடு."

சொல்லியிருக்க வேண்டும். வாட்ச் கையில் ஓடுகிற சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை. (ஒரு வாரம் வெறும் கையோடு அலைந்தது போதாதா?)

இன்று பூசை முடிந்து பார்க்கிறேன். ஃபாதர் அறை வாசலில் ஒரு வரிசை. மூன்று பேர் கையிலும் நின்றுபோன சுவர்க் கடிகாரம்! முதல் ஆள் மேரி ஆன்ட்டி. வரிசையை ஒழுங்குபடுத்துவது என் பிலோ!

நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள். உண்மையைச் சொல்லிவிடட்டுமா, இல்லை யாருக்கும் தெரியாமல் மூன்றுக்கும் பேட்டரி வாங்கிப் போட்டுவிடட்டுமா?