அக்காவின் சில்வர் குடம்

என்னைப்போல ஒரு விசரனைக் கிளிநொச்சியில் தேடிப் பிடிப்பது கஷ்டம். கையில் கிரைண்டர் இருந்தால் வீட்டில் உள்ளதெல்லாம் பழுதாகத் தெரிகிற ஆள் நான். அதில் பூட்டிச் சுழற்றும் துணிச் சில்லும் பொலிஷ் கட்டியும் வாங்கிய கிழமையே கரண்டி, கேத்தில் மூடி, கதவுப் பூட்டு எல்லாம் பளபளத்தன. மனைவி தன் வளையலைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அப்போதுதான் ஒட்டுசுட்டானிலிருந்து அக்கா தன் சில்வர் குடத்தைக் கொண்டுவந்து தந்தார்.

"கிணத்துத் தண்ணியாலை அடியிலை காவி பிடிச்சுப் போச்சு. அதை மட்டும் எடுத்துத் தாடா. நாளைக்கு வாறன்."

அதை மட்டும் எடுத்திருந்தால் நான் மனிதன். முழுக் குடத்தையும் புதிதாக்கிக் காட்ட ஆசைப்பட்டேன். கலியாணத்துக்கு அதைக் கொடுத்த மாமாவின் பெயரைக் கடைக்காரன் வயிற்றுப் பக்கத்தில் மெசினால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தான். அது தேயக் கூடாதென்று மேலே டேப் ஒட்டினேன். எவ்வளவு பொறுப்பு! பிறகு சாண்ட் பேப்பரை நனைத்து ஒரே திசையில் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே ஏதோ கோணல்மாணலாகக் கீறிக் கிடந்தது. இடம்பெயர்ந்து திரிந்தபோது எங்கோ உரசியிருக்கும் என்று, அந்த இடத்துக்குத் தனிக் கவனம் கொடுத்து, பரும்படித் தாளால் தேய்த்துச் சில்லையும் பிடித்தேன். குடம் கண்ணாடியானது. டேப்பை உரித்தேன். மாமா ஒரு புள்ளி குறையாமல் இருந்தார்.

மனைவி குசினியிலிருந்து வந்து குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சேரப்பா, இதிலை கிடந்த எழுத்து எங்கை?"

"இந்தா, முழுசா இருக்கு."

"மாமாவை விடுங்கோ. உங்கடை அத்தான் எழுதினது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போர் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், தண்ணீர்க் குழாயடி வரிசையில் எங்களுக்குப் பதிலாகக் குடங்கள்தான் நிற்கும். ஒருநாள் வேறொரு குடும்பம் இதைத் தங்களுடையதென்று தூக்கிப் போய்விட்டது. அத்தான் சண்டை பிடித்து மீட்டு வந்து, ஆணியால் அக்காவின் பெயரைக் கீறினார். அக்காவை எப்போதும் 'இஞ்சாரும்' என்றே கூப்பிட்டவர். அவர் வாயில் அந்தப் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. எழுதியதும் அந்த ஒரு தடவைதான். அன்று குடம் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அத்தானும் இல்லை.

குடத்தை வெயிலில் சரித்துப் பார்த்தேன். என் மூக்குத்தான் தெரிந்தது. ஆணி தேடினேன்.

"கள்ளக் கையெழுத்தும் போடப் போறியளோ?" என்றாள் மனைவி.

மறுநாள் அக்கா பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் நல்ல பொய்களாகச் சில யோசித்து வைத்திருந்தேன். முகத்தைக் கண்டதும் உண்மைதான் வந்தது.

"அக்கா, கீறல் எண்டு நினைச்சு அத்தான் எழுதினதை அழிச்சுப்போட்டன்."

அக்கா கழுத்துக்குக் கீழே பெருவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அதே இடத்திலை நான் திருப்பிக் கீறித் தரட்டோ?" என்றேன், அப்போதும் புத்தி வராமல்.

அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"உன்ரை எழுத்து எனக்கென்னத்துக்கு?"