வலிக்கு ஒரு சொல்

ஒன்பதாம் வகுப்புவரை வேணிக்குத் தமிழ் என்றால் மனப்பாடச் செய்யுளும் மார்க்கும்தான். அதை மாற்றியவர் ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் அவளுக்குத் தமிழ் எடுத்த பிரேமலதா டீச்சர். கட்டுரையில் யாராவது ‘மிகவும் அழகாக இருந்தது’ என்று எழுதினால், என்ன பார்த்தாயோ அதை எழுது என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். வேணியும் முணுமுணுத்தவள்தான்.

ஒருமுறை அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார். வேணியின் அப்பா பிச்சை, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அதைச் சொல்லக் கூசி, ‘என் தந்தை மார்க்கெட்டில் பணிபுரிகிறார்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு, அப்பா வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டார்.

“தலையில துணியைச் சுத்தி வச்சுக்குவாங்க டீச்சர்.”

“வீட்டுல அதுக்கு என்ன பேரு சொல்வீங்க?”

“சும்மாடு” என்றாள் வேணி, தரையைப் பார்த்தபடி.

“எவ்வளவு கச்சிதமான சொல்லு. இதை ஏன் விட்டுட்ட?”

வேணி மறுபடி எழுதினாள். சும்மாடும் ஈரச் சாக்கின் நெடியும் அப்பாவின் கழுத்தில் புடைக்கும் நரம்பும் அதில் வந்தன. டீச்சர் அதை வகுப்பில் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பிறர் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. எரிச்சல் வேறு, கடுப்பு வேறு, குடைச்சல் வேறு என்பதெல்லாம் அப்படித்தான் மனதில் தங்கின.

இப்போது அவள் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன ஆனி மாதம் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து பவுனம்மாள் என்ற விவசாயப் பெண்மணியை அவர் மகன் அழகிரி கூட்டிவந்தான். வாயுத் தொல்லை, ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்பது அவன் எண்ணம். அந்த அம்மாவோ வலிக்குது என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை வேணி கவனித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படி வலிக்குதும்மா? எரியுதா, குத்துதா, பிசையுதா?”

பவுனம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அழுத்துதும்மா. நெஞ்சு மேல அம்மிய ஏத்தி வச்சாப்புல இருக்கு. இந்தக் கையி வரைக்கும் இழுக்குது.” அவர் தொட்டுக் காட்டியது இடது கை.

வேணி உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். ஈசிஜி எடுத்ததில் மாரடைப்பு என்று தெரிந்தது. நேரத்தோடு சிகிச்சை கிடைத்ததால் உயிர் தப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேணி டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்குப் போய், ஓய்வு பெற்றிருந்த டீச்சரைப் பார்த்தாள். டீச்சருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அந்தக் கட்டுரை மட்டும் நினைவில் இல்லை. எத்தனையோ பிள்ளைகளிடம் எத்தனையோ சொல்லியிருப்பேன் என்றார். வேணிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி முடித்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்த பவுனம்மாள், தங்கள் கொல்லையில் விளைந்த நிலக்கடலையை அவித்துப் பை நிறைய எடுத்து வந்திருந்தார். வார்டில் எல்லோரும் உரித்துத் தின்றார்கள்.