மீசை வைத்த சக்களத்தி

என் அக்காவுக்கு நகை மேலோ புடவை மேலோ பொறாமை கிடையாது. தன் புருஷனோடு சண்டை போடும் ஒரு மனிதர் மேல்தான் பொறாமை. மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். எதற்கும் மறுபேச்சு பேசுவதால் தெருவே அவரை 'எதிர்க்கட்சி' என்று கூப்பிடும்.

கடை அடைத்ததும் இருவரும் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். கால்பந்தில் பெனால்ட்டி அடிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? வேற்றுமொழிப் படத்தை டப்பிங்கில் பார்ப்பவன் மனுஷனா? பிள்ளைகளுக்குச் செருப்பை ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா? மாமா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். எதிர்க்கட்சி அது முயலே இல்லை என்பார். "போடா மண்டு!" என்று மாமா தொடையைத் தட்டிச் சிரிப்பதை அக்கா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குக் கிடைத்ததே இல்லை. அவளிடம் மாமா வெறும் ஆமாம் சாமி. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது? "உன் இஷ்டம்." மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? "நீ சொன்னா சரி." தெருவில் எல்லோரும் அவளைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் யாரும் அவளோடு வாதாடுவதில்லை. கையில் ஊசி வைத்திருப்பவளிடம் யார் வாய் கொடுப்பார்கள்?

"நிஜமாவே ஒரு சக்களத்தி இருந்தா கொண்டையைப் பிடிச்சு இழுத்திருப்பேன்டி. இந்த மீசைக்காரரை என்ன பண்றது?" என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆஃப்சைடு விதியை உருப்போட்டுக்கொண்டு ஒரு மாலை அவளும் கூடத்துக்கு வந்தாள். "அந்த கோல் செல்லாது. ஆள் முன்னாடியே போய் நின்னுட்டான்," என்றாள். அதே கோலுக்காக அதுவரை எதிர்க்கட்சியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்த மாமா, "நீ சொல்றதும் சரிதான்," என்று டீயை உறிஞ்சினார். அக்கா டம்ளர்களைத் தொட்டியில் போட்ட சத்தம் மாடியில் குடியிருக்கும் எனக்குக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. வெளியூர்க் கிளைக்கு அவள்தான் தலைமை. போனால் வாரக் கடைசியில் மட்டுமே வீடு. அவளுக்கு ஆசையும் இருந்தது, தயக்கமும் இருந்தது. போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தாள். மாமா, "உன் இஷ்டம்மா," என்றார்.

"நான் போனா என்ன, இருந்தா என்ன, அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்று என்னிடம் வந்து அழுதாள்.

மறுநாள் என் மூக்குக்கண்ணாடி உடைந்துபோக, இருவரும் மாமா கடைக்குப் போனோம். வாசலிலேயே சத்தம் கேட்டது.

"போகட்டுமேடா! திறமைக்காரி. உனக்கென்ன வந்தது?" இது எதிர்க்கட்சி.

"போகக் கூடாது! அவ இல்லாத வீட்டுல நான் சுவரோட பேசிட்டிருக்கவா?" மாமா மேசையைக் குத்தினார். லென்சுகள் குதித்தன.

அக்கா உள்ளே நுழைந்தாள். "என் வேலையைப் பத்தி இவர்கிட்ட சண்டை, என்கிட்ட மட்டும் உன் இஷ்டமா? அண்ணா, எழுந்திரிங்க. அது என் இடம்."

எதிர்க்கட்சி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. அதை நிமிர்த்திப் போட்டு அக்கா உட்கார்ந்தாள். "நான் போறேங்கிறேன். இப்பப் பேசுங்க."

மாமா திணறினார். தனக்குச் சமைக்கத் தெரியாது என்றார். கற்றுக்கொள்ளலாம் என்றாள். வெளியூர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். காய்ச்சிக் குடிப்பேன் என்றாள். கடைசியில் சிதறிய லென்சுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

"அது காரணமில்லையே."

"தெரியும். இவன்கிட்ட தோத்தா ஒரு டீயோட போயிடும். உன்கிட்ட தோத்தா நீ போயிடுவியே. அதான் வாயே திறக்கலை."

அக்கா ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு, "தோத்துட்டீங்க. நான் போறேன்," என்றாள். அழுகையும் சிரிப்பும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன.

ரயிலேற்றி விட எல்லோரும் போனோம். பெட்டியை மேலே வைப்பதா, இருக்கைக்கு அடியில் தள்ளுவதா என்று அக்காவும் மாமாவும் ஆரம்பித்தார்கள். ரயில் நகர்ந்த பிறகும் மாமா ஜன்னலோடு நடந்துகொண்டே, "அடியிலதான்! நீ சொல்றது சுத்தத் தப்பு!" என்று கத்தினார். அக்கா முகமெல்லாம் பூரிப்போடு கையை வெளியே நீட்டி, பதிலுக்குக் கத்திக்கொண்டே போனாள்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் சாதுவாக நின்றுகொண்டிருந்தார்.

"நடந்தே போயிடலாமா, பஸ் ஏறலாமா?" என்று கேட்டேன்.

"உனக்கு எது வசதியோ," என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது.