தண்ணீரில் நின்று போட்ட கோல்

பழைய இறால் வலையின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது...

பழவேற்காட்டில் எங்கள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தது அந்த வலைதான். நான் கோல்கீப்பர். ஆட்டம் முடியும்வரை அதை மோந்துகொண்டு நிற்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நான் திருப்பாலைவனத்து நெல் வயல் வீட்டுப் பையன். பொன்னேரி காலேஜில் கூடப் படித்த தேசப்பன்தான் என்னை அந்த டீமில் சேர்த்துவிட்டான். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். கோல் அடிப்பதில் ஆள் பேய்.

பர்மா பஜாரில் வாங்கிய நீல ஜெர்சி ஒன்று வைத்திருந்தான். முதுகில் ஒன்பதாம் நம்பர், அதற்கு மேல் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர். கிரீஸ் நாட்டு பிளேயர் என்று கடைக்காரர் சொன்னாராம். அன்றிலிருந்து தேசப்பன் எங்களுக்குக் கிரீஸ்காரன் ஆகிவிட்டான்.

அந்த சீசனில் மட்டும் முப்பத்தொன்பது கோல். எண்ணி வைத்தது நான்தான்... பின்னால் நிற்கிறவனுக்கு வேறு என்ன வேலை?

அப்புறம் ஆரம்பாக்கத்தோடு பைனல் வந்தது. எங்கள் டீம் அதுவரை ஒரு கப்பைக்கூடத் தொட்டதில்லை.

முந்தின நாள் தேசப்பன் என் முன்னால் வந்து தலையைச் சொறிந்தான்.

"நாளிக்கு நான் வர முடியாதுடா. எங்க பாடு."

ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று முறை வைத்திருப்பார்கள். அதுதான் பாடு. எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறையைப் பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொள்வோம். நானும் அதே நினைப்பில் கேட்டேன்.

"வேற யாருக்காவது மாத்தி வுடேன்."

"அதெல்லாம் மாத்த முடியாது. நைனாவுக்குக் கெளுத்தி முள்ளு குத்தி கை வீங்கிக் கெடக்குது. நான் போவலன்னா வலைக்கு ஒரு ஆள் கொறையும். கூட இருக்கற நாலு வூடும் சும்மா குந்தணும்."

"அப்ப கப்பு?"

அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான். "நீயெல்லாம் இன்னாடா பிளேயரு" என்று சொல்லிவிட்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கிரவுண்டை ஒட்டியே ஏரி. மறுநாள் ஆட்டம் ஆரம்பித்தபோது, பக்கக் கோட்டுக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் அந்த நீல ஜெர்சியோடு நின்றுகொண்டிருந்தான். கையில் வலைக் கயிறு. நாங்கள் பந்தோடு முன்னேறும்போதெல்லாம் கழுத்து இந்தப் பக்கம் திரும்பும். "வலயப் பாருடா" என்று கூட நின்றவர் அதட்டுவது எனக்கே கேட்டது.

ஒரு பந்து என் கால் இடுக்கில் புகுந்து போனது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது யாரோ உதைத்த பந்து ஏரியில் விழுந்தது. காற்று அதை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் தேசப்பனிடம் விட்டது.

இடது கை கயிற்றை விடவில்லை. வலது கையால் பந்தை எடுத்தான், தூக்கிப் போட்டான், ஒரே உதை. தண்ணீர் சொட்டச் சொட்ட எல்லார் தலைக்கும் மேலே பறந்து ஆரம்பாக்கம் வலையில் போய் விழுந்தது பந்து.

கரை மொத்தமும் கத்தியது. ரெப்ரி அதைக் கோல் இல்லை என்று த்ரோ கொடுத்தார். பாவம், வேறு என்னதான் கொடுப்பார்... தோற்றோம்.

இருட்டுவதற்கு முன்னால் ஒரு கூடை இறாலோடு வந்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நாப்பது" என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டான்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளுத்துப்போன அந்த ஜெர்சி இன்னும் ஆணியில் தொங்குகிறது. முதுகு எழுத்தை என் மகள் போனில் படம் பிடித்தாள். அவ்வளவுதான், அந்தக் கிரீஸ்காரரின் மொத்த வாழ்க்கையும் வந்து கொட்டியது. இந்த கிளப்பில் இத்தனை கோல், அந்த சீசனில் அத்தனை... அன்றைக்கு யாரைக் கேட்டும் தெரியாத பெயர், இன்று ஒரு நொடியில்.

எங்கள் ஆளின் நாற்பது எந்த போனிலும் இல்லை. அது எனக்கு உறுத்தியது.

தேசப்பன் முழங்காலைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான்.

"பெரிய ஆளுதான். தண்ணில நின்னு எத்தினி போட்டாராம்?"

"ஒண்ணுகூட இல்லடா" என்றேன்.

"அப்ப சரி" என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்றைக்கு அவன் பாடு.