பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர்

அந்தப் பூவை நான் நட்டதே எந்த ஊரும் நிலையில்லை என்ற ஆத்திரத்தில்தான்.

மாநில எல்லையோரம், மூக்கண்டப்பள்ளியில் ஆறு வீடுகளை ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் கடைசி வீடு எங்களுடையது. வாசலுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் செம்மண் கிடந்தது. ரோஜா வை, மல்லிகை வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரோஜா வேர்பிடித்துப் பூக்கும்வரை நாங்கள் இந்த ஊரில் இருப்போமா என்று யார் கண்டது? என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். ஆனால் டெம்ப்ரவரி. நிரந்தரம் ஆனால் இங்கே இருப்போம், ஆகாவிட்டால் சாத்தூருக்குப் பஸ் ஏறுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை வேலை காத்திருக்கிறது என்று என் அண்ணன் மாதம் தவறாமல் கடிதம் போடுவார். அதைப் படித்தால் எனக்குப் போய்விடலாம் என்றிருக்கும். என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடும்.

பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மாவிடம் தெலுங்கு, காய்காரரிடம் கன்னடம், வீட்டில் தமிழ் என்று அக்காவுக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. நான் சாத்தூர்த் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பேன். ஒருநாள், என்ன நடுவது என்ற என் புலம்பல் தாங்காமல், தன் வாசலில் படர்ந்திருந்த பத்து மணிப் பூவில் ஒரு கைப்பிடி ஒடித்து நீட்டினார்.

“இதுக்கு ஏன் கண்ணு ரோசனை? ஒடிச்சு நட்டு வுடு, அதுவா படரும். ஊருக்குப் போறதுன்னா போறப்ப ஒரு துண்டு ஒடிச்சு எடுத்துக்கினு போ.”

எனக்குப் பிடித்ததே அந்தக் கடைசிப் பேச்சுதான். நட்டேன். கரிசல்காட்டில் தண்ணீருக்கு அலைந்து வளர்ந்தவள் ஆயிற்றே, இங்கே குழாயில் வருகிறதென்று குடம் குடமாக ஊற்றினேன். பாதி அழுகிப் போனது. “சாவடிக்காதே கண்ணு, கொஞ்சம் காய வுடு” என்று அக்கா அதட்டிய பிறகு கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் மண்ணே தெரியாமல் மூடிவிட்டது. ஊசி ஊசியாக இலை, தண்டெல்லாம் தண்ணீர். வெயில் ஏறி பத்து மணி ஆனதும் ராணிக் கலர், மஞ்சள், வெள்ளை என்று அத்தனையும் வாய் திறக்கும். இரண்டு மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். மப்பாக இருந்தால் விரியவே விரியாது.

அவர் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். டெம்ப்ரவரி ஆள் ஓவர்டைமுக்கு முகம் சுளித்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பயம். அதனால் அந்தப் பூ விரிந்து அவர் பார்த்ததே இல்லை. சுருங்கிக் கிடக்கும் மொட்டுகளைச் செருப்போடு நின்று பார்த்துவிட்டு, “பூவா இது? நீயா கலரைச் சொல்லிக்கிட்டுத் திரியிற” என்று கேலி செய்வார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒருநாள், ஒரே ஒரு நாள், இவர் பத்து மணிக்கு வீட்டில் இருந்து பார்க்கக் கூடாதா என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

நினைத்தது நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும், துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. சாப்பாட்டுப் பையோடு அவர் நின்றார்.

“பிரேக் குடுத்துட்டாங்க.”

டெம்ப்ரவரி வீடுகளில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. தொடர்ந்து இத்தனை நாள் வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம். அந்த நாள் நெருங்கும்போது, கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்கள். மறுபடி கூப்பிட்டால் முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும். கூப்பிடாமலும் விட்டுவிடலாம்.

அவர் பையை வைத்துவிட்டு அப்படியே செடியின் முன்னால் குந்தினார்.

“நெசமாவே இவ்வளவு கலரா?” என்றார்.

ஒரு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அப்போது கேட்க நாராசமாக இருந்தது.

அடுத்த நாளும் பத்து மணிக்கு அங்கேயே போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். உள்ளே இருந்தால் எழுந்து எழுந்து நடப்பார், வெளியே பூவின் முன்னால் மட்டும் அசையாமல் இருப்பார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் லைனில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களைத் தவிர, பத்து மணிக்கு வீட்டில் ஆம்பிளை இருந்தால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் வேலை போய்விட்டது. குழாயடியில் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன். நான்காம் நாள் அக்கா ஒரு கிண்ணத்தில் கஷாயம் கொண்டுவந்தார்.

“காச்சல்னு சொன்னே. வெயில்ல குந்திக்கினு பூவைப் பாத்துக்கினு இருக்காரு?”

அக்கா வெள்ளந்தியாகத்தான் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. பூவைப் பிடுங்கி எறியலாம் என்றுகூட வந்தது, கை வரவில்லை. மறுநாள் விடிந்ததும் துணிக்கொடியை அவிழ்த்து, கிழக்கே முருங்கை மரத்துக்கும் சுவர் ஆணிக்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். இரண்டு பெட்ஷீட்டை நனைத்து அதில் விரித்தேன். நிழல் சரியாகப் பாத்தி மேல் விழுந்தது. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, ஒரு பூ வாய் திறக்கவில்லை.

அவர் வந்து பார்த்தார். “என்ன, ஒண்ணும் விரியலை?”

“நேத்து தண்ணி கூடிப்போச்சு. அங்கன உக்காராதீங்க, உள்ள வாங்க.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தினமும் அழுக்கில்லாத பெட்ஷீட்டை நனைத்து நனைத்துக் காயப்போட்டேன். அவர் வெளியே வருவதையே விட்டுவிட்டார். பழைய பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கிடப்பார், தூங்குகிறாரா இல்லையா என்று தெரியாது. பத்து நாள் போன பிறகு பேப்பருக்கு அடியிலிருந்தே சொன்னார்:

“உங்க அண்ணனுக்கு எழுதிப் போடு. வர்றோம்னு.”

இத்தனை நாள் நான் ஏங்கிய ஊர். ஆனால் அவர் குரலைக் கேட்டதும் பயந்துபோனேன். இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் என்ன செய்வேன்? “கார்டு வாங்கணும்” என்றேன். அலமாரியில் இரண்டு கார்டு இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று எழுதாமலே கடத்தினேன். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்த்தவர் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட் அருகில் காலூன்றி, “திங்கக்கெழமை வரச் சொல்றாங்க, புது டோக்கன்” என்று சொல்லிப் போனார். புது டோக்கன் என்றால் மறுபடி டெம்ப்ரவரி. இருந்தாலும் என் வீட்டுக்காரர் எழுந்து முகம் கழுவி, வாரக்கணக்கில் வளர்ந்திருந்த தாடியை மழித்தார்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு நான் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். யூனிபாரம் போட்டுக்கொண்டு, முருங்கை மரத்திலிருந்து கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் இறுக்கிக் கட்டினார். நேற்று நான் காயப்போட்டிருந்த பெட்ஷீட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

“இனிமே வெயில் படட்டும். பத்து மணிக்கு நான் இருக்க மாட்டேன்ல.”

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அக்கா வெளியிலிருந்து கூப்பிட்டார். “வந்து பாரு கண்ணு, எல்லாமே பூத்துக்கிச்சு!” எனக்கு வெளியே வர முகமில்லை. பெட்ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.